12 − 5 + 3 எவ்வளவு? விடைக்குறிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆறாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குத் தேர்வுக்கு விடைக்குறிப்பு தயாரித்த குழுவினருக்கு,

வணக்கம். எந்தக் கேள்வியைச் சொல்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். 12 − 5 + 3. உங்கள் குறிப்பில் விடை 4. சரியான விடை 10. தாள் திருத்தும்போதே இதைச் சொல்லியாயிற்று. "குறிப்பில் உள்ளபடி மார்க் போடுங்க" என்று பதில் வந்தது. போட்டாயிற்று. அதனால்தான் இந்த மடல்: விடைக்குறிப்பைத் திருத்துங்கள்.

4 எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. எந்தச் செயலை முதலில் செய்வது என்று நினைவில் வைக்கச் சொல்லித்தரும் போட்மாஸ் (BODMAS) என்ற ஆங்கிலச் சொல்லில் கூட்டலின் எழுத்து கழித்தலின் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அதையே வரிசை என்று நம்பி, 5-ஐயும் 3-ஐயும் முதலில் கூட்டி, வந்த 8-ஐ 12-இல் கழித்திருக்கிறீர்கள். சொல்லில் எழுத்து ஆறு. விதியில் படி நான்குதான். முதலில் அடைப்புக்குறி, அடுத்து அடுக்கு (5² போல). மூன்றாம் படியில் பெருக்கலும் வகுத்தலும் சரிசமம், இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அது. நான்காம் படியில் கூட்டலும் கழித்தலும் அப்படியே. அமெரிக்காவில் இதையே பெம்டாஸ் (PEMDAS) என்று, பெருக்கலின் எழுத்தை முன்னால் வைத்துச் சொல்லித்தருகிறார்கள். எழுத்துதான் விதி என்றால் 24 ÷ 4 × 3 இங்கே 18, அங்கே 2 என்று ஆகியிருக்கும். இரண்டு ஊரிலும் 18-தான்.

காகிதத்தை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிப் பார்ப்போம். வேலூரில் 40 பேரோடு கிளம்புகிறது குடியாத்தம் பஸ். காட்பாடியில் 15 பேர் இறங்க, 10 பேர் ஏறுகிறார்கள். லத்தேரிக்குப் போகும்போது வண்டியில் 35 பேர். 40 − 15 + 10. உங்கள் முறைப்படி 15-ஐயும் 10-ஐயும் கூட்டிக் கழித்தால் 15 பேர்தான் மிச்சம். ஏறிய 10 பேரையும் இறக்கிவிட்டீர்கள்! கழித்தல் குறி தனக்கு அடுத்துள்ள எண்ணுக்கு மட்டும் சொந்தம். அதற்கப்பால் நிற்கிற எண்ணையும் அது பிடித்துக்கொள்ள வேண்டுமானால் அடைப்புக்குறி போட்டிருக்க வேண்டும்: 12 − (5 + 3). அப்போது 4 சரி. கேள்வியில் அடைப்பு இல்லை.

பிள்ளைகள் பக்கத்தைப் பாருங்கள். 12 − 5 = 7, 7 + 3 = 10 என்று இரண்டு வரி ஒழுங்காக எழுதிய பிள்ளைக்குச் சுழி. போன 2 மார்க்கை அடுத்த தேர்வில் எடுத்துவிடலாம். ஆனால் தாளைக் கையில் வாங்கியதும் அந்தப் பிள்ளை நோட்டை எடுத்து, 10-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 4 என்று எழுதிக்கொள்கிறது. அச்சில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. முழுக்கள் பாடம் வரும்போது −5 + 3 என்று கேட்டால் அதே பிள்ளை −8 என்கிறது. 5-ஐயும் 3-ஐயும் கூட்டி முன்னால் கழித்தல் குறியை ஒட்டிவிடுகிறது. விடை −2 என்று புரியவைக்க எத்தனை பாடவேளை போகும் என்பது வகுப்பில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

'வகுத்தல் முதலில்' என்பதும் இதே கோளாறுதான், சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறது. 6 × 8 ÷ 4-ஐ எந்தப் பக்கத்திலிருந்து செய்தாலும் 12. அதையே 6 × 4 ÷ 8 என்று கொடுத்துப் பாருங்கள். வகுத்தலை முதலில் எடுத்த பிள்ளை 4-இல் 8 போகாதே என்று ஈவு 0 போட்டு, 6 × 0 = 0 என்று முடித்துவிடும். இடமிருந்து வலமாகப் போனால் 24 ÷ 8 = 3, இரண்டே வரி.

அதே தாளில் இன்னொன்று. ஆங்கிலத்தில் '12 ÷ ½ ஆஃப் 8' என்று இருந்ததைத் தமிழில் '12 ÷ 8 இல் ½' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தமிழில் 8 முன்னால் வந்துவிடுவதால் பிள்ளை 12 ÷ 8 என்றுதான் படிக்கும். 12 ÷ (8 இல் ½) என்று ஓர் அடைப்பு போட்டிருந்தால் 12 ÷ 4 = 3 என்று எளிதாக முடிந்திருக்கும். அடைப்புக்குறிக்கு அச்சகத்தில் தனிக் காசு கேட்கிறார்களா?

வட ஆற்காடு மாவட்டத்தை 1989-இல் ஒரு முறை வகுத்தார்கள். வேலூர் மாவட்டத்தை 2019-இல் மூன்றாக வகுத்தார்கள். வகுத்தல் முதலில் என்ற எண்ணம் இந்தப் பக்கத்துக் கோப்புகளில் ஊறிப்போயிருந்தால் ஆச்சரியமில்லை. 8 ÷ 2(2 + 2) என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் புதிருக்கு 16 என்றும் 1 என்றும் பெரியவர்களே சண்டை போடும் காலம் இது. அந்தக் கேள்வியே அரைகுறை, குறியைத் தெளிவாக எழுதியிருந்தால் சண்டைக்கு இடமில்லை. அதை விடுங்கள், கேட்க வந்தது வேறு.

தயவுசெய்து விடைக்குறிப்பைத் திருத்தி, விடை 10 என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். 10 எழுதியவர்களுக்கு 2 மார்க்கும் போகட்டும். 4 எழுதிய பிள்ளைகளிடமிருந்து மார்க்கைப் பிடுங்க வேண்டாம், தப்பு அவர்களுடையதல்ல. அரையாண்டுத் தாளில் 20 − 3 × 4 + 6 ÷ 2 போல ஒரு கணக்கு வைத்தால், அடைப்புக்கு வெளியே உள்ள ஒவ்வொரு கூட்டல், கழித்தல் குறிக்கும் முன்னால் பென்சிலால் ஒரு கோடு கிழிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்: 20 | − 3 × 4 | + 6 ÷ 2. துண்டு துண்டாகச் செய்தால் 20 − 12 + 3, விடை 11. உங்கள் குறிப்பில் 5 என்று வராமல் பார்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கணக்கு ஆசிரியர்கள் சிலர்