சைக்கிளோன் வாங்குமுன் குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கொட்டிலில் தச்சுவேலை செய்பவர்களுக்காகத் தங்கள் வாரப் பதிப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். மரத்தூளை உறிஞ்சும் சைக்கிளோன் தொகுதி பற்றித் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தது நல்ல காரியம். ஆனால் அதிலிருந்த இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. குதிரைவலு கூடிய மோட்டாராகப் பார்த்து வாங்கினால் போதும் என்பது ஒன்று. சைக்கிளோன் பூட்டிய பிறகு முகக்கவசம் தேவையில்லை என்பது மற்றது. அந்த இரண்டாவதை நம்பி யாரும் சுவாசப்பையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியின் பழைய ஓடாவிமார் சீவுளியும் உளியும் கொண்டு வேலை செய்தார்கள். சீவுளியிலிருந்து விழுவது சுருள் சுருளான சீவல். அது காலடியில் கிடக்கும், மூக்குக்குள் போகாது. இப்போது வீட்டுக் கொட்டிலிலும் மரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கும் மின்சாரச் சேண்டர், விளிம்பும் பள்ளமும் செதுக்கும் ரூட்டர், வட்டவாள் எல்லாம் வந்துவிட்டன. இவை மரத்தை மாவாக்குகின்றன. 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள் கண்ணுக்குத் தெரியாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வேலை முடித்து விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயே இதில் முக்கியமானது. நாம் ஆசைப்பட்டு வாங்கும் முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் கொடுக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் வருவது இன்னும் மோசம், பசை கலந்த மிக நுண்ணிய தூள்.

சரி, சைக்கிளோன் இதில் எவ்வளவைப் பிடிக்கும்? காற்று பக்கவாட்டாகக் கூம்புக்குள் நுழைந்து சுழல்கிறது. கனமான தூளும் சீவலும் சுவரோடு ஒதுங்கிக் கீழே வாளிக்குள் விழுகின்றன. காற்று நடுக்குழாயால் மேலே போய்விடுகிறது. அரிக்கன்சட்டியில் அரிசி அரிக்கும்போது கல் தங்கி, இலேசானது தண்ணீரோடு போவதைப் போலத்தான். மிக நுண்ணிய தூளில் ஒரு பங்கு காற்றோடு மேலே போகும். அதைப் பிடிக்க வேண்டியது அடுத்திருக்கும் வடிகட்டி. மலிவான இயந்திரங்களோடு வரும் துணிப்பை பெரும்பாலும் 30 மைக்ரான் அளவுக்கே வடிக்கும். அப்படியானால் நெஞ்சுக்குள் போகக்கூடிய தூளைத்தான் அது திரும்பவும் கொட்டிலுக்குள் ஊதுகிறது. சைக்கிளோனின் உண்மையான பயன், வடிகட்டி சீக்கிரம் அடைபடாமல் காப்பதும் உறிஞ்சும் வேகம் குறையாமல் வைத்திருப்பதும். அது பெரிய பயன்தான். ஆனால் வடிகட்டியின் வேலையை அது செய்யாது.

அடுத்தது குதிரைவலு. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் அகலம் என்பது என் உறுதியான கருத்து. 100 மில்லிமீற்றர் குழாயின் வாய், 50 மில்லிமீற்றர் குழாயின் வாயைவிட நான்கு மடங்கு பெரியது. தூளும் சீவலும் குழாய்க்குள் படியாமல் ஓட, காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். 100 மில்லிமீற்றர் குழாயில் அந்த வேகம் இருந்தால் மணிக்கு சுமார் 565 கனமீற்றர் காற்று ஓடும். வாள் மேசைக்கும் தடிப்பு சீவும் இயந்திரத்துக்கும் குறைந்தது இந்த அளவு காற்று வேண்டும். வாளி மேல் பூட்டிய சின்னச் சைக்கிளோனோடு ஒரு வக்கியூம் கிளீனரை வைத்து இதைச் செய்ய முடியாது. வக்கியூமுக்கு உறிஞ்சும் அழுத்தம் அதிகம், காற்றின் அளவு குறைவு. கைச் சேண்டருக்கும் சின்ன ரூட்டருக்கும் அது மிக நல்லது. அவை மட்டும் வைத்திருப்பவர் பெரிய தொகுதிக்குச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. நல்ல வடிகட்டி உள்ள வக்கியூமும் ஒரு சின்னச் சைக்கிளோனும் போதும்.

பெரிய இயந்திரம் வைத்திருப்பவர் கடையில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். காற்றை உறிஞ்சும் விசிறிச் சக்கரத்தின் விட்டம் எவ்வளவு? பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவு குழாயும் வடிகட்டியும் பூட்டி அளந்ததா, வெறும் வாயில் அளந்ததா? அதை அளந்த மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸா 60 ஹேர்ட்ஸா? மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸில் அளந்த அதே விசிறி இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், காற்றும் அதே அளவுக்குக் குறையும். அதற்கு மேல் சைக்கிளோனும் தன் பங்குக்குக் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். அதனால் 1 குதிரைவலு உறிஞ்சும் சாதனத்தோடு சைக்கிளோனைச் சேர்த்தால் தடிப்பு சீவும் இயந்திரத்துக்குக் காற்று போதாமல் போகும். உறிஞ்சும் சாதனம் 2 குதிரைவலு என்றால் வாளுக்கும் அந்தச் சாதனத்துக்கும் தனித்தனி வயர் இழுத்துவிடுங்கள். ஒரே 13 அம்பியர் பிளக்கில் இரண்டையும் ஓட்டக் கூடாது.

ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய் இதற்கு நல்லது. வளையும் குழாயை இயந்திரத்தருகே ஒரு முழம் மட்டும் வையுங்கள். அதன் உட்புற வரிகள் காற்றை மிகவும் தடுக்கும்.

கட்டுரையாளர் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிர்நாடுகளில் காற்றை வடித்துத் திரும்ப அறைக்குள்ளேயே விடுவதற்கு ஒரு காரணம், சூடாக்கிய காற்று வீணாகக் கூடாது என்பது. திருகோணமலையில் அந்தக் கவலை ஏது? நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் பெரிய வளவு உள்ளவர்கள் சைக்கிளோனைத் தாண்டி வரும் காற்றை நேரே வெளியே விட்டுவிடலாம். வடிகட்டிச் செலவு இல்லை, நுண்தூளும் கொட்டிலுக்குள் தங்காது. கச்சான் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசுகின்றன. எனவே குழாயின் வெளிவாய் இவை இரண்டுக்கும் முகம் கொடுக்காமல் வடமேற்குப் பக்கமாகவோ தென்கிழக்குப் பக்கமாகவோ இருக்கட்டும், மழை புகாதபடி மூடியும் இருக்கட்டும். வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர ஒரு யன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று போகும் திசையில் அயலவரின் கிணறோ உடுப்புக் கொடியோ இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். உவர்மலை போல வீடுகள் நெருங்கிய இடங்களுக்கு வடிகட்டிதான் வழி. அங்கே பணத்தை மிச்சம் பிடிப்பதானால் வேறு எதிலாவது பிடியுங்கள், வடிகட்டியில் வேண்டாம்.

வாளி சிறிதும் காற்றுப் புகாமல் மூட வேண்டும். கீழே ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் ஒதுங்கிய தூள் திரும்ப மேலே ஏறிவிடும். வாளி நிரம்பினாலும் அதே கதை. அப்புறம், இரும்பு அரைக்கும் கிரைண்டரை இந்தக் குழாயோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும்.

முகக்கவசத்துக்கு வருகிறேன். சேண்டர் பிடிக்கும்போது தூள் பறப்பது நம் முகத்துக்கு ஒரு முழத்துக்குள். எந்தத் தொகுதியும் அங்கே முழுவதையும் பிடிக்காது. என்95 அல்லது பி2 தரக் கவசம், மூக்கோரம் இடைவெளி விடாமல், வேலை முடிந்து கூட்டி அள்ளும் வரைக்கும் இருக்க வேண்டும். கொரோனாக் காலத்து நீல நிறச் சத்திரசிகிச்சைக் கவசம் இதற்கு உதவாது. தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேலை செய்த உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுத வேண்டும் என்பது என் விருப்பம். இறக்குமதிச் சைக்கிளோனின் விலை பலருக்கு எட்டாதது. நாக முலாம் பூசிய தகரத்தில் கூம்பு மடித்துத் தரக்கூடிய தகர வேலைக்காரர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு இருந்து, கூம்பின் உயரம், உள்வாயின் அகலம், நடுக்குழாயின் நீளம் எல்லாவற்றையும் படத்தோடு ஒரு முழுப் பக்கத்தில் தங்கள் பத்திரிகை வெளியிட்டால், அதை வெட்டி எடுத்துக் கொட்டில் சுவரில் ஒட்டிவைக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.