பிள்ளைகளின் எடை குறைவதையும் பள்ளியில் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டை ஒதுக்குவதை நம் ஊரில் யாரும் நோயாகவே பார்ப்பதில்லை. பரீட்சை டென்ஷன், வயசு அப்படி, டயட்டில் இருக்கிறாள் என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுகிறோம், போதாததற்குக் கல்யாண வீட்டில் நாலு பேர் "அட, நல்லா இளைச்சுட்டியே" என்று பாராட்டுகிறார்கள், அதைக் கேட்ட பிள்ளை மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறது.

நான் காட்பாடியில் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் அக்னி நட்சத்திரத்தில், நம்ம வேலூர் வெயிலில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். கேட்டால் "குளிருது மிஸ்" என்பாள். கையெல்லாம் புதிதாகப் பூனைமுடி, தலைமுடியோ கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கொண்டுவந்த முறுக்கைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிப்பாள். வீட்டில் ஒரு இட்லியைச் சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து அரை மணி நேரம் வைத்திருப்பாள் என்று அவள் அம்மா சொன்னார். முதலில் கேஸ் டிரபிள் என்று மாத்திரை, அப்புறம் ரத்தசோகைக்கு டானிக், நடுவில் மந்திரிப்பு. மயங்கி விழுந்த பிறகுதான் ஒரு மனநல மருத்துவர் அனோரெக்சியா நெர்வோசா என்று சொன்னார். உடம்பு எலும்பாகிப் போனாலும், குண்டாகிவிடுவோமோ என்ற பயம் போகாத நோய் இது.

உணவுக் கோளாறுகளில் இன்னொரு வகை புலிமியா. ஒரேயடியாக அள்ளிச் சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுப்பார்கள். எடை பெரிதாக மாறாததால் வீட்டில் தெரியவே தெரியாது. ஆனால் வாந்தியின் அமிலத்தில் பல் எனாமல் கரையும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகும். மனநோய்களில் அதிக உயிரிழப்பு உள்ளவற்றில் இந்த உணவுக் கோளாறுகளும் உண்டு என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பையன்களுக்கும் வரும். மாதவிடாய் நிற்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம், மாதவிடாய் நின்றால்தான் அனோரெக்சியா என்ற பழைய நிபந்தனையை, மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். பள்ளிகளில் பிள்ளைகளுக்கு உயரம், எடை பார்த்து எழுதி வைக்கிறார்கள். அந்த எண்ணை வகுப்புக்கே கேட்கும்படி சத்தமாகப் படிக்காதீர்கள். "குண்டு" என்று பட்டப்பெயர் அங்கேதான் பிறக்கிறது, பட்டினியும் பல பிள்ளைகளுக்கு அங்கேதான் தொடங்குகிறது. தனியாகக் கூப்பிட்டுப் பாருங்கள், போன வருட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்கிற வயதில் எடை இறங்கினால் இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடாமல் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். எங்கே போவது என்று கேட்டால் சொல்ல முடியாத ஊரா இது? பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்த இடம் அது. இந்த நோயிலும் வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல் அடிக்காமல் சாப்பிட வைக்கிற அப்பா அம்மாதான் பாதி வைத்தியம். ஆனால் நாள்கணக்கில் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தட்டையான வயிற்றுக்கு ஏழு வழி என்று போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு மனநல மருத்துவரையும் ஒரு உணவியல் நிபுணரையும் வைத்துப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி ஒன்றைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்