வேலியில் போன ஓணான்

எடிசன், நியூ ஜெர்சி
ஜூலை 14

அன்புள்ள செல்வி,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் வீடியோவையும் காலையில் காபியோடு உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் எழுந்து போய் உங்கள் பச்சோந்தி முத்துவின் பின்னங்காலைப் பார். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் முள் மாதிரி சின்னதாக ஏதாவது துருத்திக்கொண்டு இருக்கிறதா? போட்டோவில் எனக்குத் தெரியவில்லை. வெயில்ட் கமீலியன் என்கிற இந்தப் பச்சோந்தி இனத்தில் ஆணுக்கு அது முட்டையை விட்டு வரும்போதே இருக்கும். பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் வராது. அது இல்லையென்றால், உன் மகன் எட்டு மாதமாக முத்து முத்து என்று கொஞ்சுவது ஒரு முத்துலட்சுமியை.

சிரிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. அது கூண்டின் அடியில் இறங்கி மூலையைப் பிறாண்டுகிறது, தப்பிக்கப் பார்க்கிறது, நம் வீடு பிடிக்கவில்லையோ என்று எழுதியிருக்கிறாய். கிளையிலேயே வாழ்ந்து கிளையிலேயே தூங்குகிற பிராணி தரைக்கு வருகிறது என்றால் காரணம் இருக்கும். வீடியோவை நிறுத்தி வயிற்றைப் பார்: இரண்டு பக்கமும் கொழுக்கட்டை பிடித்து வைத்தாற்போல மேடு. கரும்பச்சை உடம்பில் மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுகள். அவள் முட்டையிட இடம் தேடுகிறாள், செல்வி. ஆணே இல்லையே என்பாய். கோழிக்குச் சேவல் வேண்டுமா என்ன? குஞ்சு வராத முட்டை, அவ்வளவுதான். ஆனால் இட்டே ஆக வேண்டும். இடம் கிடைக்காமல் உள்ளேயே அடக்கிக்கொண்டால் செத்துப்போவாள்.

அதனால் இன்றைக்கே செய். ஒரு அடிக்குக் குறையாத ஆழமுள்ள பிளாஸ்டிக் வாளியோ டப்பாவோ எடுத்துக்கொள். குழந்தைகள் விளையாடுகிற மணல் ஹார்ட்வேர் கடையில் மூட்டையாகக் கிடைக்கும். அதை நனைத்து நிரப்பு. திருச்செந்தூரில் அலை வந்து போன இடத்தில் மணல் வீடு கட்டுவோமே, அந்த ஈரம். விரலை விட்டு எடுத்தால் துளை சரியாமல் நிற்க வேண்டும், அடியில் தண்ணீரும் தேங்கக் கூடாது. வாளியைக் கூண்டுக்குள் வைத்து, அவள் ஏறி இறங்க ஒரு கிளையைச் சாய்த்துவிட்டு, கூண்டின் கீழ்ப் பாதியைப் பழைய பெட்ஷீட்டால் மூடிவிடு. அப்புறம் எட்டிப் பார்க்காதே. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியில் விட்டுவிட்டு மேலே ஏறிவிடுவாள். உன் மகனிடம் இதை ஆணையாகவே சொல். ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாள் ஆகலாம், குழிக்குள்ளேயே தூங்கவும் செய்வாள். முடிந்ததும் தானே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, வயிறு ஒட்டி, மூஞ்சியெல்லாம் மணலாக மேலே வருவாள். அப்போது தண்ணீரும் நல்ல தீனியும் கொடு. எங்கள் பவளம் முதல் தடவை 41 போட்டாள். எண்ணி முடித்துவிட்டு நானும் கீர்த்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் உடம்பு என் கை நீளம்கூட இல்லை!

இன்னொன்று. உன் இரண்டாவது போட்டோவில் கண் மூடியிருக்கிறது. அது எத்தனை மணிக்கு எடுத்தது? ராத்திரி என்றால் கவலையில்லை. பட்டப்பகலில் என்றால் நல்லதில்லை, பகலில் கமீலியன் கண் மூடாது. தரையில் சோர்ந்து கண்மூடிக் கிடந்தாலோ, நாள்கணக்கில் தோண்டியும் ஒன்றும் வராவிட்டாலோ மணலை நம்பிக் காத்திருக்காதே, அன்றைக்கே டாக்டர். நாய் பூனை பார்க்கிற டாக்டர் போதாது. ஏ.ஆர்.ஏ.வி. என்று ஊர்வனவற்றுக்கான மருத்துவர் சங்கம் இருக்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே டாக்டரைத் தேடலாம். டாலஸ் பெரிய ஊர், கட்டாயம் கிடைப்பார்.

நான் ஏன் இப்படிப் படபடக்கிறேன் என்று உனக்குத் தோன்றும். பவளம் அந்த 41 போட்ட பிறகு நடந்ததை உனக்கு நான் சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது, அதான்.

போட்டு ஒரு மாதம் இருக்கும். கீர்த்தி வழக்கம்போல ஒரு கிரிக்கெட் பூச்சியை இடுக்கியில் பிடித்து நீட்டினாள். இதுங்களுக்கு நாக்கு உடம்பைவிட நீளம் தெரியுமா, ஒரு சாண் தூரத்திலிருந்து சடக்கென்று இழுத்துவிடும். பவளத்தின் இரண்டு கண்ணும் திரும்பிப் பூச்சி மேல் குத்தி நின்றன. வாய் திறந்தது. நாக்கு நுனி ஒரு பாக்களவு வெளியே வந்தது. அப்படியே நின்றுவிட்டது. திரும்ப உள்ளே போனது, திரும்ப வந்தது, அதே பாக்களவு. கடைசியில் கிளை மேல் நடந்து வந்து வாயாலேயே கவ்விக்கொண்டாள். கீர்த்தி முதலில் சிரித்தாள். அடுத்த நாளும் அப்படியே நடந்தபோது சிரிக்கவில்லை. ஒரு வாரத்தில் முன்னங்கால் முட்டி வெளிப்பக்கமாக வளைந்தது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருந்தது. அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி: "யு.வி. பல்பை எப்போது மாற்றினீர்கள்?" இன்னும் எரிகிறதே என்றேன். நல்ல பிரகாசமாகத்தான் எரிந்துகொண்டிருந்தது, செல்வி. கடையில் கூண்டோடு சேர்த்துக் கொடுத்த சுருள் பல்பு, ஒரு வருஷமாக. நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அப்படியே இருக்கும், அவளுக்கு வேண்டிய யு.வி.பி. என்கிற புற ஊதாக் கதிர் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். அது தோலில் பட்டால்தான் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகும். டி3 இருந்தால்தான் நாம் பூச்சி மேல் தூவுகிற கால்சியம் எலும்புக்குப் போகும். நான் தினமும் மாவு பூசின மாதிரி கால்சியம் தூவிக்கொண்டுதான் இருந்தேன். போய்ச் சேரவில்லை. அந்த நிலைமையில் 41 முட்டைக்கு வேண்டிய சுண்ணாம்பை அவள் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அப்போது அம்மா எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார். 'வெயில்ட்' என்று நாங்கள் சொல்வது அம்மா காதில் 'வெயில்' என்றுதான் விழும். அவருக்கு அது வெயில் ஓணான். டாக்டரிடமிருந்து வந்து விஷயத்தைச் சொன்னதும், "பேர்லயே வெயில வச்சுக்கிட்டு இருக்கு, அத வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டுனா கால் வளையாம என்ன செய்யும்?" என்றார். வெயில்ட் என்றால் முக்காடு போட்டது, தலையில் இருக்கிற கொண்டைக்காக வைத்த பேர் என்று விளக்கப் போனேன். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளவும் தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

T5 என்கிற நீளமான யு.வி.பி. டியூப், 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும், அதை வாங்கு. மாட்டுகிற அன்றைக்கே அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதிவிடு. எரிகிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடு. ஜன்னல் ஓரம் வைத்தால் போதுமே என்று நினைக்காதே, யு.வி.பி. கண்ணாடியைத் தாண்டாது. பவளத்துக்குத் திரவக் கால்சியத்தை டிராப்பரில் விட்டபடியே மூன்று மாதம் ஓடியது. நாக்கு திரும்ப வந்தது. முட்டிக் கோணல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கிளை ஏறும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

இனி உன் கூண்டு. கண்ணாடித் தொட்டியைக் கடைக்காரர் தள்ளிவிட்டிருக்கிறார். காற்றோட்டம் இல்லை, அதோடு தன் பிம்பத்தையே பார்த்து வேறொரு கமீலியன் என்று நினைத்து நாள் முழுக்கக் கறுத்துப்போய் நிற்கும். இதுங்களுக்குக் கூட்டாளியே ஆகாது, கண்ணில் படுவதுகூட ஆகாது. இரண்டடிக்கு இரண்டடி, உயரம் நான்கடி, வலைக் கூண்டு வாங்கி மேஜை மேல் ஏற்றி வை. நம்மைவிட உயரத்தில் இருந்தால்தான் அதற்கு நிம்மதி. உள்ளே நம்மூர் மணி பிளாண்ட்டைத் தொங்கவிடு, செம்பருத்தியும் வைக்கலாம். இலையைக் கடித்துத் தின்னும், தின்னட்டும். முதல் போட்டோவில் கூண்டுக்கு நேர் மேலே ஏ.சி. வென்ட் தெரிகிறது. டெக்சாஸ் ஜூலையில் அது எந்நேரமும் ஊதிக்கொண்டே இருக்குமே! இடத்தை மாற்று.

கிண்ணத்துத் தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருள்கிற சொட்டைத்தான் நக்கும். பிளாஸ்டிக் கப்பின் அடியில் குண்டூசியால் ஒரு துளை போட்டு மணி பிளாண்ட்டுக்கு மேல் வை, சொட்டுச் சொட்டாக விழட்டும். விடியற்காலையிலும் விளக்கு அணைந்த பிறகும் நன்றாகத் தண்ணீர் தெளி, பகலில் காயவிடு. யேமன் மலைகளில் இதுங்கள் வாழ்வது அப்படித்தான், பகலெல்லாம் வறட்சி, ராத்திரி மூடுபனி. நாள் முழுக்க ஈரமாகவே வைத்தால் நெஞ்சில் சளி கட்டும். மூக்கைத் தூக்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால் அதுதான். தண்ணீர் போதுமா என்று கேட்டிருந்தாய். அதை எச்சத்தில் பார். கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பகுதி இருக்கும். வெள்ளை என்றால் சரி, ஆரஞ்சு நிறம் என்றால் தவிக்கிறது.

பெண் என்று உறுதியானால் செல்லம் கொடுத்துத் தீனி போடாதே. எனக்கு இது லேட்டாகத்தான் புரிந்தது. சூடும் தீனியும் அதிகமாக அதிகமாக முட்டையும் அதிகமாகும். முட்டையிட்ட களைப்பு தீர்ந்த பிறகு வாரம் மூன்று நாள், தடவைக்கு மூன்று நான்கு பூச்சி, விளக்கடியில் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமல். இப்போது பவளம் முட்டையிடுவதே அபூர்வம். டி3 இல்லாத கால்சியம் ஒவ்வொரு தடவையும், டி3-யும் மல்ட்டிவைட்டமினும் சேர்ந்த பவுடர் மாதம் இரண்டு தடவை. தின்னாத பூச்சியை ராத்திரி கூண்டிலேயே விட்டால் தூங்குகிறவளை அது கடித்து வைக்கும்.

நிறம் மாறுவது நோயா என்று கேட்டிருந்தாய். பழுப்பாகவே இருந்தால் குளிரோ பயமோ. நாம் நினைக்கிற மாதிரி நிற்கிற இடத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்வது குறைவு, மனசுக்குள் இருப்பதைத்தான் அது தோலில் காட்டுகிறது. ஜெனீவாவில் 2015-ல் ஆராய்ந்து சொன்னார்கள், தோலுக்குள் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றனவாம், அவற்றின் இடைவெளியை நெருக்கியும் விலக்கியும் நிறத்தை மாற்றுகிறதாம். ஆக, மறைக்கத் தெரியாத பிராணி. கட்சி மாறுகிறவர்களுக்கு இதன் பேரை வைத்தவர்கள் இதை வளர்த்திருக்க மாட்டார்கள்.

உன் மகன் ஊருக்கு வரும்போது வேலியில் ஒன்றைப் பார்த்தால் பிடித்து வரலாமா என்று கேட்டானாமே. கூடவே கூடாது என்று சொல். நம்மூர்ப் பச்சோந்தியை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஓணான் ராமருக்கு மூத்திரம் கொடுத்தது என்று கதை சொல்லிக்கொண்டு கல்லால் அடித்த தெருப் பையன்கள் நினைவிருக்கிறார்களா? அதே தெருவிலிருந்து வந்த நாம் இரண்டு பேரும் இன்றைக்கு அதன் எச்சத்தின் நிறத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்கிறோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம், வேறென்ன.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் நடக்கிறார். கீர்த்தி ஆகஸ்டில் ஹாஸ்டல் போகிறாள். பவளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாள் என்று வெளியே புலம்புகிறேன்.

சமையல் தராசில் ஒரு குச்சியை வைத்து, அதன் மேல் ஏற்றி, எத்தனை கிராம் என்று இன்றைக்கே எழுதி வை. முட்டையிட்ட பிறகு ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. மணல் வாளி வைத்ததும் ஒரு வார்த்தை போடு. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் கூப்பிடு, நான் தூங்கியிருக்க மாட்டேன்.

அன்புடன்,
கலா

பின்குறிப்பு: பின்னங்காலைக் கிட்டத்தில் ஒரு போட்டோ. வெளிச்சத்தில் எடு, போன தடவை மாதிரி ஆட்டிவிடாதே.