மூணாம் நாள் வலி

காட்பாடி
வெள்ளி இரவு

டேய் குமரேசா,

பொங்கலுக்கு ஒரு வாழ்த்துகூட இல்லை. பல்லு வலின்னதும் நாலு பக்கம்! இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்காவைக் கேட்டதாச் சொல்லு.

பிடுங்கின அன்னிக்கு அடங்கின வலி மூணாம் நாள் காது வரைக்கும் இழுக்குது, வாய் நாறுது, வீக்கமில்லை, காய்ச்சலில்லைன்னு எழுதியிருக்கே. அப்போ அது பெரும்பாலும் டிரை சாக்கெட். குழியில் ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கணும். அது போயிட்டா எலும்பு வெறுமனே நிக்கும், காத்து பட்டாலே தெறிக்கும். ஆன்டிபயாட்டிக் இந்த வலியைக் குறைக்காது; மருந்துக்கடையில் நீயா வாங்கி முழுங்காதே. டாக்டர் சலைனால், அதான் சுத்தமான உப்புத் தண்ணியால், கழுவி, யூஜினால்னு கிராம்பு எண்ணெயில் இருக்கிற சரக்கு கலந்த மருந்தை வைப்பார். கொஞ்ச நேரத்திலேயே வலி இறங்கும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாத்தணும், பத்து நாள்போல ஆகும். கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைச்சு நீயே திணிக்காதே, சதை வெந்துடும்.

எதனால? பீடியாலதான், வேற என்ன! அந்தக் குடியாத்தம் கட்டு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், இழுக்கிற இழுப்பு உறைஞ்சதைப் பெயர்க்கும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிச்சதும், அன்னிக்கே கொப்பளிச்சதும் அதே குத்தம்தான். முதல் 24 மணி நேரம் வாயைக் கொப்பளிக்கவே கூடாது. அப்புறம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வெச்சுத் தலையைச் சாய்ச்சு வழிய விடு, துப்பாதே.

இம்ப்ளான்ட்டை, அதான் போன பல்லுக்குப் பதிலா தாடை எலும்பில் வைக்கிற டைட்டானியம் திருகை, அடுத்த மாசமே போட்டுக்கணும்னு துள்றியே, எலும்பு வளர வேணாமா? குழி நிறைய மூணு நாலு மாசமாவது ஆகும். டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கிறதைக் கண்டு, ஸ்வீடன் டாக்டர் பிரானெமார்க் 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அன்னிக்கிருந்து இன்னிக்கு வரைக்கும் பொறுமைதான் பாதி வைத்தியம். உனக்குக் கீழ்த்தாடை, திருகு ஒட்ட சுமார் மூணு மாசம். போட்ட மூணு நாலு வாரத்தில் பிடிப்பு தளரும்: பழைய எலும்பு கரைஞ்சிருக்கும், புதுசு இன்னும் கெட்டியாகியிருக்காது. அப்போ வலியே இருக்காது, நீயும் ஆம்பூர் பிரியாணி எலும்பைக் கடிக்கப் போவே. அந்தப் பக்கம் மெல்லாதே.

திருகு மேலே போட்டு ஈறுக்கு வெளியே தெரியற மூடி கழண்டா நீயா திருகாதே. டப்பியில் போட்டு அன்னிக்கே கொண்டுபோ, விட்டா ஈறு மூடிக்கும். திருகே ஆடினா ஒட்டலைன்னு அர்த்தம். இறுக்கிப் பயனில்லை, எடுத்துட்டு ஆறின பிறகுதான் மறுபடி. கீழ் உதடு மறுநாளும் மரத்துக் கிடந்தா விளையாடாதே. ஊசி மரப்பு அதுக்குள்ளே போயிருக்கணும். திருகு நரம்பை அழுத்தலாம். உடனே எடுத்தா உணர்ச்சி திரும்ப வழியுண்டு, வாரக்கணக்கில் தள்ளினா சந்தேகம்.

அப்புறம் அம்மாவுக்கும் பல் எடுக்கணும்னு ஒரு வரி எழுதியிருக்கே. எனக்கு அதுதான் கவலை. எலும்புத் தேய்மானத்துக்கு வருஷம் ஒரு ஊசி போடறாங்களே, அதைப் பல் டாக்டரிடம் முதல்ல சொல்லு. அந்த மருந்து இருக்கிறப்போ பல் பிடுங்கினா, அபூர்வமா தாடை எலும்பு ஆறாமலே கிடக்கும். அவங்க ஆஸ்பிரினையும் நீயா நிறுத்தாதே.

நாளைக்குக் காலையிலேயே கிளம்பு. ஆற்காட்டிலிருந்து வர்ற வழியில் மக்கன் பேடா வாங்கிக்கினு வா, எனக்கு.

உன்
ரவி