டிரில் மாஸ்டரை ஆசிரியராக்கியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஒலிம்பிக் கட்டுரையில், 1924 பாரிஸ் போட்டிக்கு இந்திய அணியோடு போனவர் என்று ஹாரி குரோ பக் பற்றி ஒரு வரி இருந்தது. அவர் பெயரைப் பார்த்ததே சந்தோஷம். ஆனால் அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டது மனதுக்கு ஆறவில்லை. சென்னை மாகாணத்து சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய போட்டி அது, பெருமைதான். இருந்தாலும் பக் செய்த பெரிய காரியம் பாரிஸில் நடந்ததல்ல, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க இங்கே சென்னையில் ஒரு கல்லூரியைத் தொடங்கியதுதான்.

அவர் 1884-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்து ஆட்டத்தை உண்டாக்கியதும் அங்கேதான். குளிர்காலத்தில் வெளியே போய் ஆட முடியாமல் சலித்துக் கிடந்த மாணவர்களுக்காக, பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஒரு புது ஆட்டத்தையே கண்டுபிடித்தார் நெய்ஸ்மித். எதிரே நிற்கும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி ஆட்டத்தை அமைக்க வேண்டியது வாத்தியார் வேலை என்பதுதான் அந்தக் கல்லூரியின் வழி. பக் அதைத்தான் இங்கே கொண்டுவந்தார்.

அப்போது நம் பள்ளிகளில் இருந்தது டிரில். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் அதட்டுவார்கள், பிள்ளைகள் கையைக் காலை ஆட்டுவார்கள். 1919-இல் சென்னை வந்த பக், அடுத்த ஆண்டே எஸ்பிளனேடில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உடற்கூறியல் தெரியாதவன் பிள்ளைகளின் உடம்பைத் தொடக் கூடாது என்பது போல, விளையாட்டோடு உடலியங்கியலும் சுகாதாரமும் அங்கே பாடமாயின. மேல்நாட்டு ஆட்டங்களோடு நிற்காமல் நம் ஊர் ஆட்டங்களையும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொண்டார். விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். அந்தப் பள்ளிதான் பின்னால் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆனது; 1930-களில் அது அடையாற்றங்கரைக்கு வந்தது. புத்தகக் கண்காட்சிக்கு என்று நாம் போகும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் அதுதான். 1943-இல் சென்னையிலேயே இறக்கும்வரை அவர்தான் முதல்வர்.

நானும் அந்த மைதானத்தில் வேர்த்தவன். பிறகு 31 ஆண்டுகள் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எட்டாம் வகுப்பில் 44 பிள்ளைகள், என்னிடம் ஒரே ஒரு வாலிபால், அதிலும் தையல் விட்டிருந்தது. நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டு மற்றவர்களை ஓரமாக உட்கார வைப்பதுதான் சுலபம். ஒரு பையன் தானாகவே புங்கமரத்தடிக்குப் போய் எல்லாருடைய செருப்பையும் வரிசையாக அடுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டான். கேட்டால், “எப்பவும் நான் செருப்புக்குக் காவல் சார்” என்றான். மூன்று வருஷமாக அவன் வேலை அதுதானாம்.

நந்தனத்தில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி மனதில் பதிய வைத்தது நினைவுக்கு வந்தது: விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். அன்று பந்தைப் பையில் போட்டுவிட்டேன். சுண்ணாம்பில் நான்கு கட்டம் போட்டு, நான்கு குழுவாகப் பிரித்து, இரண்டில் சடுகுடு, இரண்டில் தொடர் ஓட்டம். செருப்புக்குக் காவல் இருந்தவனை ஒரு குழுவுக்குத் தலைவனாகப் போட்டேன். மணி அடித்ததும் புழுதி அப்பிய முகத்தோடு வந்து, “நாளைக்கும் உண்டா சார்?” என்று கேட்டான்.

அவன் கேட்ட அந்த “நாளைக்கும்”தான் பிள்ளைகளிடமிருந்து பறிபோகிறது, ஆசிரியர் அவர்களே. அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடு, அறிவியலுக்குக் கொடு என்பார்கள். நானே எத்தனையோ முறை கொடுத்துவிட்டு, காலியான மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்புறம் மாவட்டப் போட்டி வந்தால் மட்டும் “கப் எங்கே?” என்று கேட்பார்கள். நம் பத்திரிகைகளும் பதக்கம் வந்தால்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கின்றன என்பது என் வருத்தம். கால அட்டவணையில் இருக்கும் அந்த வாரம் இரண்டு பீரியட், பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கிடைக்கிறதா என்று உங்கள் நிருபர்கள் பத்துப் பள்ளிக்கூடத்தில் நேரில் போய்ப் பார்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பக்கைப் பற்றித் தனிக் கட்டுரை போடுவதாக இருந்தால், அந்தக் கல்லூரியில் படித்துவிட்டுக் கிராமத்துப் பள்ளிகளில் காலம் கழித்தவர்களையும் தேடிப் பாருங்கள். எங்கள் வட்டாரத்திலேயே எழுபதைத் தாண்டிய நான்கு பேர் இருக்கிறோம். எப்போது வந்தாலும் பேசத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.