சொல்லிக்கொடுப்பவர் யார் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானி ஆவது பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், மருத்துவப் பரிசோதனை, வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல், வங்கிக் கடன் எல்லாம் சரியாகவே இருந்தது. பயிற்றுநர் வேலை மட்டும், ஏர்லைன்ஸ் கூப்பிடும்வரை பொழுதுபோக்க ஒரு வழி என்பதுபோல ஒரே வரியில் முடிந்துவிட்டது.

நான் விமானப்படையில் பயிற்றுநராக இருந்து, ஓய்வுக்குப் பின் ஒரு பறத்தல் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தவன். விமானப்படையில் பயிற்றுநர்களை உருவாக்கவே ஒரு பள்ளி இருக்கிறது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் நம் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே சேர்பவர்கள் ஏற்கெனவே நன்றாக ஓட்டுகிறவர்கள். ஆனால் ஓட்டிக்கொண்டே பேசச் சொன்னால் தடுமாறுவார்கள். கை செய்வதும் வாய் சொல்வதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். சொல் கொஞ்சம் பிந்தினாலும், மாணவன் அதை அடுத்த அசைவோடு சேர்த்துப் படித்துக்கொள்வான்.

செஸ்னா 172-இல் மாணவனுக்கு இடது இருக்கை, நமக்கு வலது. இடது இருக்கையில் ஓட்டியபோது வலது கையில் இருந்த த்ராட்டில் (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) இப்போது இடது கைக்கு வரும். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது, எப்போது தலையிடுவது என்பதுதான். புதியவன் இறங்கும்போது ஓடுதளத்தின் தூரத்து முனையைப் பார்க்காமல் விமானத்தின் மூக்குக்கு முன்னால் உள்ள தரையைப் பார்ப்பான். பயந்து உயரத்திலேயே மூக்கைத் தூக்குவான். வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். கண்ட்ரோலை முன்கூட்டியே நான் வாங்கிக்கொண்டால் அவனுக்குப் பாடம் இல்லை, தாமதித்தால் முன்சக்கரம் போய்விடும். என் பாதம், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடலுக்கு அருகில் இருக்கும், அழுத்தாது. என் கால் வேலை செய்கிறது என்று தெரிந்தால் அவன் கால் வேலை செய்யாது. வாங்கும்போது "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், அவனும் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பயிற்றுநர் ஓட்டுகிறார் என்று மாணவனும், மாணவன் ஓட்டுகிறான் என்று பயிற்றுநரும் சும்மா இருப்பார்கள். கத்துவதால் மட்டும் பயனே இல்லை. பயந்தவன் கையில் இருக்கும் கண்ட்ரோலை இன்னும் இறுக்கிப் பிடிப்பான்.

முதல் சோலோவுக்கு, அதாவது மாணவன் முதன்முறை தனியாகப் பறப்பதற்கு, மணிக்கணக்கு பார்த்து அனுப்ப முடியாது. இறக்கம் சரியில்லை என்று தானே உணர்ந்து, நான் சொல்லாமலேயே மறுபடி மேலே ஏறுகிறானா என்று பார்ப்பேன். என் எடை இல்லாததால் விமானம் சீக்கிரம் கிளம்பும், வேகமாக ஏறும் என்பதையும் சொல்லி அனுப்புவேன். சென்னைப் பக்கம் என்றால் காலையிலேயே அனுப்பிவிடுவது நல்லது. மதியம் கடல் காற்று புகுந்து திசையை மாற்றிவிடும்.

பல பள்ளிகளில் பயிற்றுநர்கள் பறந்த மணிநேரம் போதுமான அளவு சேர்ந்ததும் ஏர்லைன்ஸுக்குப் போய்விடுகிறார்கள். சம்பள வித்தியாசத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் ஆள் மாறினால் மாணவன் குழம்புகிறான், புதியவர் முதலிலிருந்து தொடங்குகிறார், அந்த மணிநேரத்துக்கும் பணம் கட்டுவது பெற்றோர்தான்.

என்னிடம் விசாரிக்கும் பெற்றோர் விமானம் எத்தனை, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்றே கேட்கிறார்கள். என் பையனுக்கு யார் சொல்லிக்கொடுப்பார், அவர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார், பாதியில் போனால் அடுத்து யார் என்று கேளுங்கள். பறப்பதற்கு முன்னும் பின்னும் மாணவனோடு உட்கார்ந்து பேசுகிறார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் முன்பணம் கட்டாமல் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர்,
சேலையூர், சென்னை