சிமேக் கோப்பு எழுதும் லைப்ரரி பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிமேக் (CMake, சோர்ஸ் கோடை எப்படி பில்டு செய்வது என்று சொல்லும் கருவி) வைத்து உங்கள் லைப்ரரிகளைத் தனியாக பில்டு செய்தால் ஒரு குறையும் இல்லை. வேறு புராஜெக்டைச் சேர்க்க சிமேக் தரும் ஃபெட்ச்கன்டென்ட் வழியாகவோ, ஆட்_சப்டைரக்டரி வழியாகவோ எங்கள் புராஜெக்டுக்குள் கொண்டுவந்தால்தான் வம்பு. ஹெடரை (லைப்ரரியின் '.எச்' கோப்பை) காணோம் என்று கம்பைலர் நின்றுவிடுகிறது. தோண்டிப் பார்த்தால், ஹெடரை எங்கே தேடுவது என்று சொல்லும் இடத்தில் 'சிமேக்_சோர்ஸ்_டிர்/இன்க்ளூட்' என்ற ஒரு வரி.

'சிமேக்_சோர்ஸ்_டிர்' என்ற அந்த மாறி (வேரியபிள்) உங்கள் ஃபோல்டரைக் காட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் புராஜெக்டின் ஃபோல்டரைத்தான் காட்டும். தனியாக பில்டு ஆகும்போது இரண்டும் ஒன்றே, அதனால் உங்கள் சிஐ (மாற்றங்களைத் தானாக பில்டு செய்து சோதிக்கும் அமைப்பு) பச்சையாகவே இருக்கும். எங்களிடம் வந்ததும் அது எங்கள் இன்க்ளூட் ஃபோல்டருக்குள் போய்த் தேடும். பிழை வந்தால்கூடப் பரவாயில்லை. அங்கே 'கான்ஃபிக்.எச்' என்று எங்களுடைய கோப்பு ஒன்று இருந்துவிட்டால், சத்தமே இல்லாமல் அதை எடுத்துக்கொண்டு கம்பைல் ஆகிவிடும். அப்புறம் யார் கண்டுபிடிப்பது?

'புராஜெக்ட்_சோர்ஸ்_டிர்' அல்லது 'சிமேக்_கரன்ட்_சோர்ஸ்_டிர்' என்று மாற்றினால் சரியாகிவிடும். ஃபங்ஷனுக்குள் மட்டும் கவனம்: அங்கே, ஓடும் சிமேக் கோப்பின் ஃபோல்டரைச் சொல்லும் 'சிமேக்_கரன்ட்_லிஸ்ட்_டிர்'கூட, ஃபங்ஷனை அழைத்த கோப்பின் இடத்தையே காட்டும். ஃபங்ஷன் எழுதப்பட்ட கோப்பின் இடம் வேண்டுமென்றால், சிமேக் 3.17-இல் வந்த 'சிமேக்_கரன்ட்_ஃபங்ஷன்_லிஸ்ட்_டிர்' இருக்கிறது.

இன்னொன்று, உருவாக்கும் கோப்புகளை சோர்ஸ் ஃபோல்டரிலேயே எழுதுவது. மாதிரிக் கோப்பிலிருந்து புதுக் கோப்பை எழுதித் தரும் கான்ஃபிகர்_ஃபைலுக்கு வெறும் பெயரைக் கொடுத்தாலே அது பில்டு ஃபோல்டரில்தான் எழுதும். அதை மெனக்கெட்டு சோர்ஸ் பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். ஒரே சோர்ஸிலிருந்து டீபக், ரிலீஸ் என்று இரண்டு பில்டு வைத்திருப்பவருக்கு, பின்னால் ஓடியது முன்னதன் ஹெடரை அழித்துவிடும். சோர்ஸ் ரீட்-ஒன்லியாக இருந்தால் பில்டே நடக்காது. சிமேக்குக்கு முந்தைய பில்டு கருவியான ஆட்டோடூல்ஸின் 'மேக் டிஸ்ட்செக்' சோர்ஸை ரீட்-ஒன்லியாக்கி, வேறு ஃபோல்டரில் பில்டு செய்து இதைத்தான் சோதிக்கிறது. பழைய கருவி என்று சிரிக்கிறோம், ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு இருக்கும் கறார் நமக்கு இல்லை.

டெஸ்ட்களை, உங்கள் புராஜெக்ட்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதா என்று சொல்லும், 3.21-இல் வந்த 'புராஜெக்ட்_இஸ்_டாப்_லெவல்' பார்த்துச் சேர்த்தால் போதும், எங்கள் பில்டில் அவை ஓட வேண்டியதில்லை.

கேட்பது இதுதான்: சிஐயில் ஒரு ஜாப் கூடுதலாக வையுங்கள். நாலைந்து வரியில் ஒரு தாய் புராஜெக்ட், அதற்குள் உங்கள் லைப்ரரி, ரீட்-ஒன்லி சோர்ஸ். திருத்தங்களை அனுப்ப எங்களில் பலர் தயார். 'எனக்கு பில்டு ஆகிறதே' என்று மூடிவைத்த இஷ்யூக்களை முதலில் திறந்துவிடுங்கள்.